சும்மா கிடந்த பரிசல்

சீடன்: ஐயா, ஒகேனக்கல் பரிசல் துறைக்கு ஒரு கணக்குப் போட்டேன். இருப்பது ஒரே பரிசல் என்று வையுங்கள். சராசரியாக 60 நிமிடத்துக்கு ஒரு குடும்பம் வருகிறது. ஒரு சவாரிக்குச் சராசரியாக 50 நிமிடம். பரிசலுக்கே 10 நிமிடம் மிச்சம். அப்புறம் ஏன் வரிசை?

குரு: உன் சராசரியைப் பார்த்தா குடும்பங்கள் கிளம்பி வருகின்றன? நோட்டை எடு. 8 மணிக்கு முதல் குடும்பம் வருகிறது, பரிசல் கிளம்புகிறது. 8.20க்கு இரண்டாவது குடும்பம். அடுத்து?

சீடன்: 8.50க்குப் பரிசல் திரும்பும், அவர்கள் ஏறுவார்கள். 9.40க்கு மறுபடி கரை சேரும்.

குரு: மூன்றாவது குடும்பம் 10.30க்குத்தான் வருகிறது.

சீடன்: அதுவரை பரிசல் சும்மா கிடக்கும். 50 நிமிடம் வீண்.

குரு: அந்த 50 நிமிடத்தை எடுத்து வைத்து மத்தியான நெரிசலில் செலவழிக்க முடியுமா?

சீடன்: முடியாது.

குரு: முடியும் என்று நம்பித்தான் உன் சராசரி கணக்குப் போட்டது. வருகை இடைவெளியும் சவாரி நேரமும் அடுக்குக்குறிப் பரவல்படி (சின்ன அளவு அடிக்கடி, பெரிய அளவு அரிதாக) கூடிக் குறைந்தால், சூத்திரப்படி ஒரு குடும்பம் சராசரியாகக் காத்திருப்பது 250 நிமிடம். சவாரியை மட்டும் பிசகாமல் 50 நிமிடமாக்கினால் அதில் பாதி, 125.

சீடன்: நாலு மணி நேரத்துக்கு மேலா! ஆனால் சூத்திரமே சொல்லிவிட்டதே, நோட்டில் போட்டதுபோல் ஒவ்வொரு வருகையாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் எதற்கு?

குரு: துறை இரவு பகலாக முடிவேயில்லாமல் நடந்தால் வரும் எண் அது. ஒகேனக்கல்லில் காலையில் வெறும் கரையோடு தொடங்கி மாலையில் நிறுத்திவிடுகிறார்கள். காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். இத்தனையையும் சூத்திரத்தில் அடைப்பது பெரும்பாடு. ஆடித்தான் பார்க்க வேண்டும். 1946இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது தனியாகச் சீட்டு ஆடினார். ஆட்டம் கைகூடும் வாய்ப்பைக் கணக்கில் பிடிக்கப் பார்த்து அலுத்துப்போய், நூறு முறை ஆடி எண்ணிவிட்டால் என்ன என்று யோசித்தார். அவரும் வான் நாய்மனும் லாஸ் அலமோஸில் வளர்த்த மான்டி கார்லோ முறை அதிலிருந்து வந்தது.

சீடன்: இன்னொன்று ஐயா. நோட்டில் 8.20க்குப் பிறகு நேரே 8.50. நடுவில் காவிரி ஓடவில்லையா?

குரு: ஓடும். குழந்தை அழும், கரையில் மீன் வறுபடும். ஆனால் வரிசையும் மாறவில்லை, பரிசலின் நிலையும் மாறவில்லை. எதுவும் மாறாத நேரத்தைத் தாண்டி அடுத்த நிகழ்வுக்குப் போய்விடுவதுதான் இந்த முறை. எதை நிகழ்வு என்று எழுதுகிறாய் என்பதில்தான் உன் புத்தி தெரியும். பரிசல் ஓட்டி சாப்பிடப் போவதை எழுத மறந்தால் உன் துறையில் யாருக்கும் பசிக்காது.

சீடன்: கம்ப்யூட்டர் தரும் தற்செயல் எண்ணிலும் சந்தேகம். தொடக்கமாக அதே விதை எண்ணைக் கொடுத்தால், ஓட்டிப் பார்த்த அதே ஞாயிற்றுக்கிழமை அச்சு அசலாகத் திரும்பும். தற்செயல் எங்கே போயிற்று?

குரு: எண்ணில் அது இருந்ததே இல்லை, முழுக்கக் கணக்குப்படி பிறக்கும் எண் அது. அடுத்து யார், எப்போது வருவார் என்று நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குப் பதிலாளாக நிற்கிறது, அவ்வளவுதான். திரும்ப வருவதில் ஒரு லாபமும் உண்டு. அதே கூட்டத்தை ஒரு பரிசலோடும் இரண்டு பரிசலோடும் ஓட்டி ஒப்பிடலாம். நிஜத்தில் ஒரே ஞாயிறு இரண்டு முறை கிடைக்காது.

சீடன்: அப்படியென்றால் ஒரு முறை ஓட்டினால் போதுமா?

குரு: அது ஒரு நாள் கதை. விதையை மாற்றி நூற்றுக்கணக்கில் ஓட்டு. சராசரியோடு நிறுத்தாமல், மோசமான நாள் எவ்வளவு மோசம் என்பதையும் சொல்.

சீடன்: இன்றைக்கே நிரலை எழுதி முடிக்கிறேன்.

குரு: எதை வைத்து? 60, 50 இரண்டும் நீ வாய்க்கு வந்தபடி சொன்னவை. ஞாயிறு காலை பென்னாகரம் வழியாகப் போய் ஒகேனக்கல்லின் சின்னாறு துறையில் உட்கார். ஒவ்வொரு குடும்பமும் வந்த நேரம், ஏறிய நேரம், இறங்கிய நேரம் மூன்றையும் எழுதிக்கொண்டு வா. கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம்.