விலைகொடுத்துப் பெற்ற விடுதலை

தனக்கே உரியதொன்றைப் பிறனிடம் விலைகொடுத்து மீட்பவன், அப்பிறனின் உரிமையை ஏற்றுக்கொண்டவனாவானா? பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே வாழ்ந்த வெஞ்சர் சிமித் என்பாரது குடும்ப வரலாறு இவ்வினாவுக்கு உரைகல்லாக அமைகின்றது.

ஆபிரிக்காவிற் பிறந்த புரோட்டீர் என்னும் சிறுவனைக் கப்பற் பணியாளன் ஒருவன் நான்கு கலன் றம் மதுவுக்கும் ஒரு துண்டு சீத்தைத் துணிக்கும் வாங்கினான். தன் சொந்த முதலைக் கொண்டு வாங்கியமையால், வாணிக முயற்சி எனப் பொருள்படும் ‘வெஞ்சர்’ என்ற பெயரை அவனுக்கு இட்டான். 1765 இல் வெஞ்சர் 71 பவுண் 2 சிலிங் செலுத்தித் தம்மை மீட்டார். பின்னர் விறகு வெட்டியும் மீன்பிடித்தும் ஈட்டிய பொருளால், சொலமன், கவ் என்னும் மைந்தரைத் தலைக்கு 200 டொலருக்கும், மனைவி மெக்கை 40 பவுணுக்கும், மகள் ஹன்னாவை 44 பவுணுக்கும் மீட்டார். கொனெற்றிக்கற் மாநிலத்து ஹடம் பகுதியிற் குடியேறிய அவருக்கு, 1798 இல் அவரது வரலாறு நூலுருப் பெற்ற வேளை, 100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் மூன்று வீடுகளும் உரியனவாயிருந்தன.

விலை செலுத்தியமை அடிமை வாணிகத்துக்கு அளித்த ஒப்புதலாகுமா? ஆகாது. கள்வனுக்குப் பொருள்கொடுத்து உயிர்காப்பவன் களவை அறமெனக் கொண்டவனல்லன். மறுக்கும் வாய்ப்பு இல்லாதவிடத்து ஒப்புதல் என்ற சொல்லுக்கே பொருளில்லை. பழி, விலையைப் பெற்றவனையே சாரும்.

ஆயினும் வினா இத்துடன் முடிவதன்று. வெஞ்சர் வேறு சிலரையும் விலைக்கு வாங்கினார். 60 பவுணுக்கு வாங்கப்பட்ட ஒருவர் 20 பவுணைத் திருப்பிச் செலுத்தியபின் ஓடிப்போனார். எஞ்சியதை வெஞ்சர் தமது இழப்பாகவே கணக்கிட்டார். பழி பெற்றவனையே சாருமெனின், இங்கு அவரும் பெற்றவரே. அவருடைய துன்பம் இச்செயலை விளக்கும், நியாயப்படுத்தாது.

அடிமை முறையின் ஆழமான தீங்கு இங்கேதான் புலப்படுகின்றது. அது உடலை விலைப்படுத்துவதோடு அமையாது, தன் கணக்கையே அடிமைப்பட்டோரின் மொழியாகவும் ஆக்கிவிடுகின்றது. பதினேழு வயதுச் சொலமன் திமிங்கில வேட்டைக் கப்பலிற் சென்று ஸ்கேவி நோயால் இறந்தான். அதனைக் கூறுகையில், மகனின் உயிரோடு 75 பவுணும் இழந்ததாகத் தந்தை சொல்கிறார். மெக்கைக் கருவுற்றிருந்தபோதே மீட்டமைக்கும், பிறக்கும் குழந்தையைத் தனியே வாங்க நேராது என்பதைக் காரணமாகக் காட்டுகிறார். தாயின் நிலையே சேயின் நிலை என்பது அக்காலச் சட்டம். இக்கணக்கைக் கேட்டு அவரை அன்பிலாதவர் எனத் தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் மனைவியையும் மக்களையும் விலைகொடுத்தன்றிப் பெறமுடியாதவனுக்குப் பணம் அன்பின் பகையன்று. அன்பு கையாளக்கூடிய ஒரே கருவி.

அக்கருவியாலும் அளக்கவியலாதது ஒன்று எஞ்சியிருந்தது. மெக் பின்னர் ஈன்ற மகனுக்கு, இறந்த தமையனின் நினைவாகச் சொலமன் என்றே வெஞ்சர் பெயரிட்டார். அவருடைய பெயரை இட்டவன் முதலை நினைத்து இட்டான். அவரோ மகனை நினைத்து இட்டார். அவர் பெற்ற விடுதலையின் பொருள் நிலத்திலும் வீடுகளிலும் உள்ளதைவிட இப்பெயரிலேயே மிகுதியாக உள்ளது.