அறிவைத் தேடுவோன் கடன்

பல்கலைக்கழகங்களில் இன்று பயிலப்பெறும் துறைகளுள் அறிதிறனியலும் ஒன்று. மனிதன் எவ்வாறு காண்கிறான், எவ்வாறு நினைவில் கொள்கிறான், மொழியை எங்ஙனம் கற்கிறான் என்பவற்றை உளநூலும் மருத்துவமும் மொழியியலும் கணினியியலும் மெய்ப்பொருளியலும் ஒருங்கே நின்று ஆராயும் துறை அது. 1992இல் நிறுவப்பெற்ற சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே ஒரு புலம் உண்டு. மாசாயில் ஆறாம் படிவம் முடித்த தமிழ் மாணவன் ஒருவன் அங்குச் சென்று இதனைப் பயில விழைகிறான் எனக் கொள்வோம். பாசீர் கூடாங் தொழிற்சாலையில் இரவும் பகலும் முறைமாறி உழைக்கும் தந்தை முதலில் கேட்பது, "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதே. அது பசியறிந்தவர் கேட்கும் கேள்வி. அதனை எள்ளுதல் தகாது. ஆயினும் அதனினும் கடினமானதொரு கேள்வி அம்மாணவனுக்காகக் காத்திருக்கிறது. பிறர் மனத்தை ஆராய்பவன், ஆராயப்படுவோர்க்கு எதைக் கடன்பட்டிருக்கிறான்?

இக்கேள்விக்கு உருவம் தரும் வரலாறு ஒன்று உண்டு. 1688இல் டப்ளின் நகரத்து அறிஞர் வில்லியம் மோலினோ, ஆங்கில மெய்ப்பொருளறிஞர் ஜான் லாக்கிற்கு ஒரு புதிரை எழுதியனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவன் உருண்டையையும் கனசதுரத்தையும் கையால் தொட்டு வேறுபடுத்தக் கற்றிருக்கிறான். வளர்ந்தபின் அவனுக்குப் பார்வை கிடைக்கிறது. அப்போது தொடாமல், கண்ணால் நோக்கிய அளவில், இன்னது உருண்டை, இன்னது கனசதுரம் என்று சொல்வானா? மோலினோவின் மனைவி மணமான சிறிது காலத்திலேயே பார்வை இழந்தவர். அதனை அறிந்தபின் இப்புதிரை வெறும் அறிவு விளையாட்டென ஒதுக்க மனம் ஒப்புவதில்லை. சொல்ல மாட்டான் என்பது மோலினோ கண்ட விடை. லாக்கும் அதற்கு உடன்பட்டார்.

தமிழ் மாணாக்கர்க்கு இது முற்றிலும் அயலான சிந்தனை அன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது தொடுவுணர்வை முதலாவதாகவும், கண்ணறிவை நான்காவதாகவும், மனத்தை ஆறாவதாகவும் வைத்தார். கை அறிந்ததைக் கண் தானே அறியுமா, அன்றி ஆறாவது அறிவாகிய மனம் இரண்டையும் பிணைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்பதே மோலினோவின் புதிரும். மரபியலை நூற்பாவாக மட்டும் ஒப்புவிக்கச் செய்யும் வகுப்புகளில் இத்தகைய வினாவுக்கும் இடமளித்தால் நன்று.

விடை காண முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கும் பவன் சின்கா, 2005இல் பிரகாஷ் திட்டம் என்னும் பணியைத் தொடங்கினார். இந்தியச் சிற்றூர்களில் பிறவிக் கண்புரை முதலிய குறைகளால் பார்வையின்றி வாழும் சிறார்களைத் தேடிக் கண்டு, அறுவை மருத்துவத்தால் பார்வை தருவதும், அவர்கள் காணக் கற்கும் முறையை ஆராய்வதும் அதன் இரு நோக்கங்கள். 8 முதல் 17 வயது வரையிலான ஐவரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2011இல் வெளிவந்தது. கட்டு அவிழ்த்த இரண்டொரு நாளில், தொட்ட பொருளைத் தொட்டும் கண்ட பொருளைக் கண்டும் அவர்கள் நன்கு இனங்கண்டனர். தொட்ட பொருளைக் கண்ணால் இனங்காணுமாறு கேட்டபோதோ, அவர்களின் விடை குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அதிகம் மேம்படவில்லை. எனினும் சில நாட்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது. மோலினோ சொன்னது சரியே. ஆனால் மனம் அவர் எண்ணியிருக்கக்கூடியதினும் விரைவாகக் கற்கிறது.

இதற்குமுன் நிலவிய கொள்கை யாது? ஹியூபல், வீசல் என்னும் இருவர் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடித் தைத்து ஆராய்ந்து, இளமையில் காணாத கண்ணுக்கு மூளையில் இடம் இல்லாமற் போகிறது என நிறுவினர். 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற அரிய ஆய்வு அது. அதன் நிழலில், சில வயதைக் கடந்த பார்வையற்ற சிறுவனுக்கு அறுவை செய்து பயனில்லை என்னும் எண்ணம் மருத்துவரிடையே வேரூன்றியது. ஆனால் 12ஆம் வயதில் அறுவை செய்யப்பெற்ற இந்தியப் பெண் ஒருவரைச் சின்காவின் குழுவினர் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தனர். அவர் கண்ட பார்வை கூர்மையில் குன்றியதே; எனினும் முகங்களையும் பொருள்களையும் அவரால் அறிய முடிந்தது. அம்முடிவு 2006இல் வெளிவந்தது. ஒரு கொள்கை ஆய்வேட்டில் துயின்று கிடப்பதில்லை. அது மருத்துவமனை வாயிலில் நின்று, இன்னார் உள்ளே வரலாம், இன்னார் திரும்பிப் போகலாம் என்று கை காட்டுகிறது.

பார்வை தருதல் எப்போதும் நன்மையே என்றும் துணிந்து கூறிவிட இயலாது. கைக்குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்து, 1958 இறுதியில் 52ஆம் வயதில் அதனை மீளப்பெற்ற ஆங்கிலேயர் ஒருவரை ரிச்சர்டு கிரிகரி ஆராய்ந்தார். முதலில் மகிழ்ந்த அம்மனிதர் பின்னர் உலகின் அழுக்கையும் மங்கலையும் கண்டு சோர்ந்தார், விளக்கேற்றாமல் இருட்டில் அமர்ந்திருந்தார், 1960இல் மறைந்தார். கண்ணைத் திறந்துவிட்டதோடு ஆய்வாளரின் கடன் தீர்ந்ததா? பிரகாஷ் திட்டத்தார் பார்வை பெற்ற சிறார்க்குக் கல்வி அளிக்கவும் முனைந்திருப்பது இவ்வகையில் போற்றத்தக்கது.

மாசாய் மாணவனுக்கு வருவோம். அவன் ஒருநாள் ஆய்வாளனாகத் தன் ஊருக்குத் திரும்பக்கூடும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஏழு வயதுக் குழந்தையின் முன் வேற்றுமொழியில் அமைந்த சோதனைத் தாளை விரித்து, அறிவை அளந்துவிட்டதாக எழுதிக்கொண்டு போதல் எளிது. அவ்வெண் அக்குழந்தையின் கோப்பில் ஏறும். வகுப்பில் எந்த வரிசையில் அமர்வது என்பதையும் தீர்மானிக்கும். ஆசிரியர்கள் "இவனுக்கு ஏறாது" என்று ஓய்வறையில் சொல்வதும் எண்ணில்லாத அளவையே அன்றோ? ஆய்வாளன் ஒப்பம் கேட்டுத் தாளை நீட்டும்போது தாய் ஒருத்தி, "இதனால் என் பிள்ளைக்கு என்ன தம்பி?" என்று கேட்பாள். தாளை விரிக்கும் முன்பே, அவளுக்குப் புரியும் தமிழில், அதற்கு விடை அவனிடம் இருத்தல் வேண்டும்.