இரண்டு பட்டமும் ஒரு குரலும்

ஒருவனுக்கு ஒரு தொழில்தான் என்பது பிளேட்டோவின் 'குடியரசு' வகுக்கும் விதி. செருப்புத் தைப்பவன் செருப்புத்தான் தைக்க வேண்டும், கப்பல் ஓட்டப் போகக்கூடாது. உறுதியற்றவர்களின் புத்தி பல கிளையாகப் பிரியும் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. நம் வீடுகளில் இதையே ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒபர்லின் கல்லூரி, ஐந்தாண்டில் இசைப் பட்டமும் கலைப் பட்டமும் சேர்த்துப் பெற வழி வைத்திருக்கிறது. 2005இல் தொடங்கிய பார்ட் கல்லூரியின் இசைப்பள்ளியோ இளநிலை மாணவர்கள் இரண்டு பட்டமும் பெற்றாக வேண்டும் என்றே விதித்தது. வாய்ப்பாட்டைத் தேர்ந்த பிள்ளை கூடவே தத்துவமோ இயற்பியலோ படித்தால் அது கவனச் சிதறலா? இல்லை என்பது என் கட்சி. ஒருமை என்பது நோக்கத்தின் ஒருமை. பாடங்களை எண்ணிப் பார்த்து அதை அளக்க முடியாது.

முதல் சாட்சி தொண்டைதான். வயலின் மாணவர் ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் வாசிக்கலாம். பாடுபவரால் அப்படி முடியாது. குரல்நாண்கள் மெல்லிய தசையும் சவ்வுமானவை. அளவுக்கு மீறி உழைத்தால் வீங்கும், நாளடைவில் முடிச்சு விழும். மேலும், ஓபராவுக்கான குரல் இருபதுகளின் பிற்பாதியில்தான் முதிரத் தொடங்குகிறது. கனமான குரல்கள் முப்பதைத் தாண்டியும் காத்திருக்கும். பதினெட்டு வயதில் முழு நாளையும் குரலுக்கே கொடுக்கிறேன் என்பவரிடமிருந்து குரலே அதை வாங்கிக்கொள்ளாது. அடுத்தது, வாத்தியக்காரருக்கு இல்லாத ஒரு சுமை: சொல். ஷூபர்ட்டின் இசையைப் பாடுகிறவர் கோதேயின் கவிதையையும் பாடுகிறார். இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு உச்சரிப்பை வகுப்பில் சொல்லித் தந்துவிடுவார்கள்; உச்சரிக்கிற வரிக்குப் பின்னால் இருக்கும் உலகை அந்த வகுப்பு தராது. பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அதிகம் உருக்கிவிடும் தருணங்களைத் தன் பாவமாகவே கருதினார் அகஸ்டின், 'ஒப்புதல்கள்' பத்தாம் நூலில். அதற்காகப் பாட்டை அவர் விலக்கவில்லை. கேட்பவருக்கே அந்தப் பொறுப்பு உண்டென்றால், பாடுகிறவர் பொருளை அறியாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

'எல்லாம் சரி, ஆனால் பெரும்பாலானோர் இரண்டாவது பட்டத்தை வாங்குவது பொருளறிய அல்ல, பிழைப்புக்கு' என்று ஒருவர் மறுக்கலாம். இதுதான் வலுவான மறுப்பு. பாட்டு கைவிட்டால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேண்டும் என்ற அச்சத்தில் கணினி படிப்பவரின் மனம் உண்மையிலேயே இரண்டாகத்தான் இருக்கிறது. (அச்சம் குற்றமல்ல, வாடகை மாதாமாதம் வரும்.) ஆனால் அங்கே மனத்தைப் பிளப்பது அச்சம். அதே கணினியை ஒலியின் இயல்பை ஆராயும் ஆசையில் படிப்பவருக்கு அந்தப் பிளவு இல்லை. ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பாட்டில் யாரும் சிதறலைக் கேட்டதில்லை. அவர் மேதை, விதிவிலக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மேதையை வைத்து விதி செய்ய முடியாது. 'இரண்டும் சேர்ந்தால் பாட்டு கெடும்' என்ற விதியும் அவரோடு நிற்காது, அவ்வளவே.

மிஞ்சுவது நேரச் சிக்கல். பிற்பகல் ஆய்வகமும் ஓபரா ஒத்திகையும் ஒரே மணியில் வந்து மோதும்போது பிளேட்டோ உதவிக்கு வரமாட்டார். ஐந்தாம் ஆண்டுக் கட்டணமும் சின்னத் தொகையல்ல. ஆகவே கல்லூரியின் பெயரைவிடக் குரல் ஆசிரியரின் மனப்போக்கே பெரிது என்பேன். குரல் கற்பது நாலைந்து ஆண்டு ஒரே ஆசிரியரின் காதை நம்பி நடக்கும் காரியம். மாணவியின் மற்ற பாடத்தை அவர் துரோகமாக நினைத்தால் எந்த ஏற்பாடும் எடுபடாது. சேருமுன் அவரிடம் ஒரு மாதிரிப் பாடம் கேட்டுப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அப்போது குரலைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு, உங்களிடம் இரண்டு பட்டத்துக்கும் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டையும் முடித்தார்கள், முடிக்காதவர்கள் எதை விட்டார்கள் என்று நேராகவே கேட்டுவிடலாம்.