போர்க்கால நகைச்சுவையும் அதன் அறமும்

போர்க்காலத்தில் நிகழும் நகைச்சுவைப் படம் ஓர் அறக்கேள்வியை எழுப்புகிறது: உயிர்கள் மடியும் இடத்தில் சிரிக்கலாமா? சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. போரைப் பற்றிய நகையில் மேலோங்குபவை எள்ளலும் பேதைமையும்.

தமிழில் இந்த எள்ளலுக்கு இரு முகங்கள் உண்டு. தொண்டை நாட்டின் மன்னன் தொண்டைமானிடம் ஔவையார் அதியமானின் தூதராகச் சென்றார். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புறநானூற்றின் 95ஆம் பாடலில் அவர் பாடினார். புகழ்ச்சிபோல் ஒலிக்கும் அச்சொல் போர் அறியா மன்னனின் செருக்கைக் குத்துகிறது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியோ, தோற்ற வீரர்கள் சமணத் துறவிகளாக வேடமிட்டுத் தப்பியதைச் சொல்லி நகைக்கிறது. முன்னது வலியவனை நோக்கிய சிரிப்பு; பின்னது வென்றவனின் சிரிப்பு.

திரைப்படத்தில் முதல்வகைக்குச் சிறந்த சான்று சார்லி சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940இல் அது வெளிவந்தது. சர்வாதிகாரி ஹிங்கல், யூத முடிதிருத்துநர் ஆகிய இரு வேடங்களிலும் சாப்ளினே நடித்தார். ஆள்மாறாட்டத்தில் மேடையேறும் முடிதிருத்துநர் மனிதநேயத்தை வேண்டிப் பேசுகிறார்.

சிம்புதேவன் இயக்கி 2006இல் வெளிவந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் போர் பின்னணியில் நிற்க, கும்பெனியார் காலூன்றிய 18ஆம் நூற்றாண்டே களமாகிறது. இரட்டைக் குழந்தைகளில் அறிவுள்ளது ஆற்றில் விடப்படுகிறது. மந்தமானதை அரியணையில் ஏற்றி, தாய்மாமன் சங்கிலிமாயன் அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிறான். வீரமற்ற புலிகேசி திரண்ட தோள்களோடு தன்னை ஓவியமாக வரையச் செய்கிறான். குடிகள் சாதிச் சண்டை போட்டுக்கொள்ள மைதானமும் திறந்துவைக்கிறான். பின்னர் உடன்பிறந்த உக்கிரபுத்தன் அவனிடத்தில் அமர்ந்து நல்லாட்சி தருகிறான். இருவராகவும் வடிவேலு நடித்தார்.

இரு படங்களின் தத்துவமும் இந்த உருவ ஒற்றுமையில் இருக்கிறது. முகம் ஒன்றாக இருக்கும்போது, ஆட்சியை வேறாக்குவது நடத்தை மட்டுமே. பிறப்பும் முடியும் சீருடையும் ஒருவனை ஆளத் தகுந்தவனாக்குவதில்லை என்பதைச் சாப்ளின் அந்நியர் இருவரைக் கொண்டு காட்டினார். சிம்புதேவன் ஒரே வயிற்றில் பிறந்தவர்களைக் கொண்டு காட்டியதால் குலப்பெருமைக்கும் இடமில்லாமல் போகிறது.

இச்சிரிப்புக்கும் எல்லை உண்டு. வதை முகாம்களின் உண்மைக் கொடுமையை அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று சாப்ளின் 1964இல் வெளியான தன்வரலாற்றில் எழுதினார். போரை ஏவுபவனின் செருக்கை எள்ளுவது அறம். போரில் அடிபட்டவனை எள்ளுவது போரின் கொடுமையை நீட்டிப்பதாகும்.