ஒரே கிம், ஒரே ஊர்

‘சியோலில் போய் கிம் மாப்பிள்ளையைத் தேடுவது’ என்று கொரியர்களிடம் ஒரு சொலவடை உண்டு. ஆகாத காரியத்துக்குச் சொல்வார்கள். 2015 கணக்கெடுப்பின்படி தென்கொரியாவில் கிம் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேல், ஐந்தில் ஒருவர். லீயையும் பார்க்கையும் சேர்த்தால் நாட்டில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

எல்லா கிம்மும் ஒன்றல்ல. பெயரோடு பூர்விக ஊர் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும்: கிம்ஹே கிம், கியோங்ஜு கிம், ஆன்டோங் கிம். இவற்றில் பெரியது கிம்ஹே. நாற்பது லட்சத்துக்கு மேல். பொன் முட்டையிலிருந்து பிறந்த சுரோ மன்னனின் வாரிசுகள் இவர்கள் என்பது கதை. அவன் மனைவி ஹியோ, கி.பி. 48இல் ‘அயுத்தா’விலிருந்து கடல் வழியே வந்தவளாம். அது அயோத்தியா, நம் கடற்கரையா என்று இங்கே இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. கதையைத் துறவி ஒருவர் எழுதி வைத்ததோ 13ஆம் நூற்றாண்டில்! ஆனாலும் இரண்டு மகன்கள் தாயின் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பதால், கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹியோவும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை என்று வழிவழியாக இருந்தது.

இத்தனை லட்சம் பேரும் ஒரு மன்னனின் ரத்தமா? ஜோசோன் வம்சத்தின் ஆட்சியில் அடிமைகளுக்கும் ஏழைகளில் பலருக்கும் குடும்பப் பெயரே கிடையாது. 1592இல் ஜப்பான் படையெடுத்தபோது கஜானா காலியானது. பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, பதவிச் சான்றிதழ்களை அரசே விற்றது. பின்னாளில் காசு சேர்த்தவர்கள் வம்சாவளி ஏட்டில் இடம் வாங்கினார்கள். 1909இல் எல்லோரும் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும், மிச்சமிருந்தவர்களும் கௌரவமான பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மரியாதைக்கு ஏங்கியவன் செய்த காரியம். அதில் பெரிய குற்றம் எதுவும் இல்லை.

வினை பிறகுதான் வந்தது. 1960இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம், பெயரும் பூர்விக ஊரும் ஒன்றாக இருப்பவர்கள் மணக்கக் கூடாது என்றது. காதலித்த இருவர் பதிவு அலுவலகம் போனால், எழுத்தர் பார்ப்பது முகத்தை அல்ல, ஊர்க் கட்டத்தை. இரண்டிலும் கிம்ஹே என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். கொள்ளுத் தாத்தா காசு கொடுத்து வாங்கிய பெயரை, அவரைவிட அரசாங்கம் அதிகமாக நம்பியது. பதிவில்லாமல் குடித்தனம் நடத்தியவர்கள் ஏராளம். 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் மட்டும் சலுகைச் சட்டம் போட்டுக் கதவைத் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான ஜோடிகள் பதிந்துகொண்டன. இப்படித் தவணை முறையில் மன்னிக்க வேண்டிய சட்டம் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

1997இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2005இல் சட்டமும் திருந்தியது. இப்போதுள்ள தடை எட்டாம் படி வரையான ரத்த உறவுக்கு. எள்ளுத் தாத்தா ஒருவராக இருந்தால் கூடாது. தாய்வழியும் இதில் சேர்த்தி. மாமன் மகளை முறைப்பெண் என்று கொண்டாடும் நமக்கு இது விசித்திரம்தான். இதுவும் நீதிமன்றம் போனது. 2022இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தடை தப்பியது.