டி-சட்டைக்கு மேல் ஒரு கோட்டு



கோட்டுக்குள் டி-சட்டை, கீழே ஜீன்ஸ், காலில் வெள்ளை ஸ்னீக்கர். இந்தக் கலவை இப்போது கல்யாண விருந்துக்கும் வந்துவிட்டது, நம் கிளைகளின் ஆண்டு விழாவுக்கும் வந்துவிட்டது. பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "போட்டா முழுசா போடு, இல்லாட்டி சும்மா வா" என்கிறார்கள். இளைஞர்களோ "வசதியா இருக்கு, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டு பதிலிலும் எனக்குத் திருப்தி இல்லை. முறையாகத் தைத்த ஓர் உடையை ஒருவன் தளர்த்தி அணிகிறான் என்றால், எதிரே இருப்பவரிடம் அவன் ஏதோ சொல்கிறான். என்ன சொல்கிறான்? அப்படிச் சொல்லும் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்கிறதா?

முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கலவை நேற்று முளைத்தது அல்ல. பாரதியாரின் படத்தைப் பாருங்கள். மேலே கறுப்புக் கோட்டு, தலையில் முண்டாசு. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைத் திறந்தால் வேட்டிக்கு மேல் கோட்டு போட்ட ஒரு தாத்தா கிடைத்தாலும் கிடைப்பார். வெள்ளைக்காரனின் கோட்டை எடுத்துக்கொண்டு, அவனுடைய சிலுவாரை வேண்டாம் என்று விட்டவர்கள் நாம்.

கோட்டைத் தளர்த்தியவர்களும் சோம்பேறிகள் அல்ல. ஆங்கிலேயக் கோட்டுக்குள் கனமான உள்துணி இருக்கும், தோளில் பஞ்சு இருக்கும், அதற்கும் உள்ளே வழவழப்பான இன்னொரு துணி இருக்கும். குளிர் நாட்டுக்கு அது சரி. வெயில் காயும் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத் தையல்காரர்கள் 1930-களில் அந்தப் பஞ்சையும் உள்துணியையும் குறைத்தார்கள். சட்டை போலத் தோளில் விழும் கோட்டு அப்படித்தான் வந்தது. 1975-இல் சொந்த நிறுவனம் தொடங்கிய ஜார்ஜியோ அர்மானி அந்தத் தளர்வை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஏற்றதும் அதுதான்.

அதனால் ஒரு சின்ன எச்சரிக்கை. சூட்டில் இருந்து கோட்டை மட்டும் எடுத்து ஜீன்ஸ் மேல் போடாதீர்கள். அந்த மினுமினுப்பும் விறைத்த தோளும் ஜீன்ஸோடு சேராது. பாதி உடுத்திவிட்டு மறந்துபோய்க் கிளம்பியவன் மாதிரி இருக்கும். சொரசொரப்பான துணி, உள்துணி இல்லாத தையல், வெளியே வைத்துத் தைத்த பை, கருநீலம் அல்லது பழுப்பு: இது போதும். உள்ளே போடும் டி-சட்டையில் எழுத்தும் வேண்டாம், படமும் வேண்டாம். கழுத்து தொங்கிப் போயிருக்கக் கூடாது. ஸ்னீக்கர் எந்தக் கம்பெனியாகவும் இருக்கட்டும், அழுக்காக இருக்கக் கூடாது. கையில் ஒரு கடிகாரம். அதற்கு மேல் மோதிரம், சங்கிலி, கறுப்புக் கண்ணாடி என்று அடுக்கினால் பார்ப்பவர் கண் எங்கே நிற்பது?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கிளையில் சனிக்கிழமைகளில் நேர்காணல் பயிற்சி நடத்துகிறேன். ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "அண்ணே, ஹூடி போட்டுக்கிட்டு பேரங்காடிக்குப் போனா ஜாகா என் பின்னாலயே வர்றாரு. மாமா கல்யாணத்துக்குப் போட்ட கோட்டோட அதே இடத்துக்குப் போனேன், 'சார்'னு கதவைத் திறந்து விடுறாரு. மூஞ்சி அதே மூஞ்சிதானே? அப்ப மரியாதை எனக்கா, கோட்டுக்கா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் கறுப்புப் பனியன் போன்ற ஒன்றையே போட்டுக்கொண்டு மேடை ஏறினார். மார்க் சக்கர்பெர்க் சாம்பல் நிற டி-சட்டையோடு கூட்டங்களுக்கு வந்தார். எளிமை என்று உலகம் பாராட்டியது. அதே டி-சட்டையோடு நம் பையன் ஒரு வேலைக்குப் போய் நின்றால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். தளர்த்தி உடுத்துவது பல நேரங்களில், ஏற்கெனவே மரியாதை பெற்றுவிட்டவனின் சலுகையாக இருக்கிறது.

காந்தியையும் அம்பேத்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காந்தி 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போனார். போன புதிதில் 19 ஷில்லிங்குக்குத் தொப்பியும் 10 பவுனுக்கு பாண்ட் தெருவில் மாலை நேர சூட்டும் வாங்கியதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் எல்லாவற்றையும் விட்டு அரை வேட்டிக்கு மாறினார். 1931-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே வேட்டியோடு போனார். அம்பேத்கர் நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாக்கு விரித்து உட்கார வைக்கப்பட்ட பிள்ளை அவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, கோட்டும் டையுமாக நின்றார். இன்றைக்கும் இந்தியாவின் ஊர்தோறும் உள்ள சிலைகளில் அவர் நீலக் கோட்டோடுதான் நிற்கிறார்.

யார் செய்தது சரி? இரண்டுமே சரி என்பது என் முடிவு. காந்தியிடம் கழற்றுவதற்கு ஒரு கோட்டு இருந்தது. அவர் பாரிஸ்டர் என்பது உலகத்துக்கே தெரியும், அதனால் அவர் கழற்றியபோது அதற்கு அர்த்தம் வந்தது. நல்ல துணி உடுத்தவே விடாமல் தடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைக்கு, போட்டுக்கொள்வதுதான் அர்த்தம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒடுக்கப்பட்டவர்கள் மேல்சாதிக்காரர் எதிரே துண்டைத் தோளில் போடக் கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும் அல்லது கக்கத்தில் வைக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு முழத் துண்டு! இன்று நாம் ஸ்டைலாகத் தோளில் போடும் அந்தத் துண்டுக்குப் பின்னால் எத்தனை பேர் வாங்கிய அடி இருக்கிறது.

நம் மண்ணிலும் கதை உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டும் அவர்கள் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கவும் கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தத் தோட்டத்து ஆள் தன் ஊர்ப் பெரியவரைக் கண்டால் யாரும் சொல்லாமலே சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்லியிருப்பார். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இறக்கம்தான். ஒன்று அவராகக் கொடுத்தது, மற்றது அவரிடம் பிடுங்கியது.

கோட்டும் எனக்கு அப்படித்தான் படுகிறது. தம்பியிடம் சொன்னேன்: "ஜாகா செஞ்சது அநியாயம்தான். ஆனா திங்கட்கிழமை நேர்காணலுக்குக் கோட்டு போட்டுக்கிட்டுப் போ." அவன் விடவில்லை. "அப்ப நாமளும் அந்த அநியாயத்துக்குத் துணை போறோமா அண்ணே?"

நியாயமான கேள்வி. கொஞ்சம் துணை போகத்தான் செய்கிறோம். வீட்டில் சம்பளம் எதிர்பார்த்து அம்மா உட்கார்ந்திருக்கும்போது, உலகம் திருந்தட்டும் என்று 19 வயதுப் பையனை ஹூடியோடு அனுப்பி வைக்க எனக்கு மனம் வராது. அந்தப் போராட்டத்தை அவன் தலையில் மட்டும் கட்டுவதும் அநியாயமே. ஆனால் இது துரைக்காக இறங்குவதா, பெரியவருக்காக இறங்குவதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நமக்கு எதுவுமே கொடுக்க முடியாதவர்கள் முன்னால் நாம் எப்படிப் போய் நிற்கிறோம்? மேலாளருக்குக் கோட்டு, முதியோர் இல்லத்துக்கு அரைக்கால் சட்டையும் ஜப்பான் செருப்பும் என்றால், நாம் இன்னும் துரைக்குத்தான் இறங்கிக்கொண்டிருக்கிறோம். துக்க வீட்டுக்கும் தோட்டத்துப் பள்ளிக்கும் அதே அக்கறையோடு உடுத்திப் போகிறவன் கோட்டு போட்டால், அது அவன் கொடுக்கும் மரியாதை. டி-சட்டைக்கு மேல் போட்டாலும் சரி, சட்டை டையோடு போட்டாலும் சரி, அதில் எனக்கு வேறுபாடு இல்லை.

கடன் அட்டையைத் தேய்த்து 800 வெள்ளிக்கு ஸ்னீக்கர் வாங்குவது இந்தக் கணக்கில் சேராது. அது யாருக்கும் கொடுக்கும் மரியாதை இல்லை, வங்கிக்குக் கட்டும் வட்டி.

நம்மில் சிலர் இப்போது மேசையின் அந்தப் பக்கம் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கசங்கிய சட்டையோடு ஒரு பிள்ளை வந்து நின்றால், முதலில் அவன் கோப்பைத் திறந்து படியுங்கள், சட்டையை அப்புறம் பாருங்கள். போட்டுவர அவனிடம் அது ஒன்றுதான் இருந்திருக்கலாம்.

தம்பி பண்டல் கடையில் 45 வெள்ளிக்குக் கருநீலக் கோட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தான். தோள் மட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். கை நீளத்தையும் இடுப்பையும் எந்தத் தையல்காரரும் சரிசெய்துவிடுவார், தோளைத் தொட்டால் கோட்டையே பிரிக்க வேண்டும். முதல் நேர்காணல் என்பதால் உள்ளே வெள்ளைச் சட்டை, காலில் சித்தப்பாவின் கறுப்புச் சப்பாத்து. அடுத்த சனிக்கிழமை நாங்கள் முதியோர் இல்லத்துக்குப் போனபோது, அதே கோட்டை டி-சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு வந்தான். சாப்பாடு பரிமாறும்போது கையை மடித்துவிட்டுக்கொண்டான். ஒரு பாட்டி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு வீட்டு மாப்பிள்ளைப்பா நீ?" என்று கேட்டார். மூன்று வாரமாக அவனை நாங்கள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறோம்.