யார் கையை யார் பிடிப்பது?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். அதைத் தாண்டிக் கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு ஏறும்; பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரியும். இந்தப் பக்கத்துச் சிறுமிகளுக்கும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்ச் சிறுமிகளுக்கும் பொதுவான விளையாட்டு ஒன்று உண்டு: தட்டாமாலை.

இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். கால்விரலோடு கால்விரல் முட்டும் நெருக்கம். கைகளைக் குறுக்காக மாற்றிக் கோத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சுற்றத் தொடங்குவார்கள். நாலைந்து சுற்றில் பின்னல் பறக்கும், பாவாடை குடையாகும், வேப்பமரமும் வீட்டுச் சுவரும் கோடுகளாகக் கரைந்துவிடும். கலையாமல் தெரிவது எதிரே இருப்பவளின் முகம் மட்டும்தான்.

இதில் சுற்றுகிறவள் யார், சுற்றப்படுகிறவள் யார்?

மேலைநாட்டு ஜோடி நடனங்களில் இதற்கு விடை முன்பே முடிவாகியிருக்கும். சால்சாவில் ஒருவர் வழிநடத்துவார், மற்றவர் பின்தொடர்வார். ஆனால் ஒரே ஒரு சுழற்சியை உற்றுப் பார்த்தால் அந்தப் பிரிவினை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. வழிநடத்துபவர் செய்வது கொஞ்சமே: எதிர்ப்பக்கமாக ஒரு சிறு அசைவில் குறிப்புக் கொடுப்பார், கையை உயர்த்துவார், விரல்களைத் தளர்த்துவார். சுழல்வது பின்தொடர்பவரின் சொந்தக் காலில். கையை இறுக்கித் திருகினால் அவர் நிலை தடுமாறிப் போவார்.

தமிழ்நாட்டு வைணவர்கள் இதே கேள்வியை இறையருள் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய்தான் கவ்வித் தூக்கும். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார், குரங்குக் குட்டியைப் போல உயிரின் பக்கம் ஒரு சிறு முயற்சியாவது வேண்டும் என்றார்கள். பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலையார், தாய்ப்பூனையைப் போலக் காரணம் எதுவும் பாராமல் அருள் தானே வந்து தூக்கும் என்றார்கள்.

உப்பளத்தில் வேலை செய்பவருக்கு இந்த வாதம் எளிதில் புரியும். தரையைச் சமன் செய்து, பாத்தி கட்டி, உப்புநீர் பாய்ச்சும் வரை மனிதக் கை. பிறகு வெயிலும் காற்றும்தான். பாத்தி இல்லாத இடத்தில் வெயில் உப்பை விளைவிப்பதில்லை. மழை இறங்கிவிட்டால் எவ்வளவு நல்ல பாத்தியிலும் உப்பு கரைந்துபோகும்.

குரங்கு, பூனை இரண்டு உவமையிலும் பிடி ஒரு பக்கம்தான். தட்டாமாலைக்கு அது போதாது. ஒருத்தி பிடிக்க, மற்றவள் கையை வெறுமனே கொடுத்தால் வியர்த்த விரல்கள் நழுவி இருவருமே விழுவார்கள். இன்னொன்றும் உண்டு. கனத்த உடம்புக்காரி நடுவில் சின்ன வட்டம் போடுவாள், ஒல்லிப் பிள்ளை வெளியே பெரிய வட்டத்தில் பறப்பாள். ஆனாலும் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, ஒருத்தி மற்றவளை இழுக்கும் விசை இருபுறமும் சமம். எடை வேறு, இழுப்பு ஒன்று.

அந்தச் சம இழுப்பைப் பக்தியில் காட்டும் கதை திண்டிவனம் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நடக்கிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வது அது. புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை, ஓலையோடு வந்த கிழவர் ஒருவர் தன் பரம்பரை அடிமை என்கிறார். சுந்தரர் பணியவில்லை. பித்தன் என்று ஏசுகிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. மூல ஓலையைப் பார்த்து அவை கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. வந்தவர் சிவன் என்று தெரிந்த பிறகு, ஏசிய அதே சொல்லை முதலாக வைத்துத் தன்னைப் பாடும்படி அவரே கேட்கிறார். இழுத்தவர் இறைவன்; முதல் சொல் சுந்தரருடையது.

பின்னாளில் இழுப்பு திரும்புகிறது. திருவாரூரில் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க, தூது போகும்படி சுந்தரர் இறைவனைக் கேட்கிறார். இறைவன் இரவில் தெருவில் நடந்து போகிறார். முதல் முறை பரவையார் மறுத்துவிட, மறுபடியும் போகிறார். தம்பிரான் தோழர் என்று சுந்தரருக்குப் பெயர் நின்றது இதனால் பொருந்துகிறது.

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களைத் தந்த மெய்கண்டார் வாழ்ந்ததும் அதே திருவெண்ணெய்நல்லூர்தான், 13ஆம் நூற்றாண்டில். அத்துவிதம் என்ற சொல்லுக்கு அவர் ‘ஒன்றே’ என்று பொருள் கொள்ளவில்லை. இறைவனும் உயிரும் பொருளால் இரண்டு, ஆனால் பிரித்து நிறுத்த முடியாத இரண்டு என்றார். கதிரவன் ஒளி இல்லாமல் கண் காணாது. ஆனாலும் காண்பது கண்தான் என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும்.

தத்துவ நூல்களில் கடினமாகத் தெரியும் இந்த விளக்கத்தைச் சுழலும் இரண்டு சிறுமிகளின் கைகளில் பார்த்துவிடலாம். வழிநடத்தல், பின்பற்றல் என்ற இரண்டு சொற்கள் அங்கே போதவில்லை. அருளைப் பற்றிய பேச்சுக்கும் அவை போதவில்லை என்பதே சுந்தரர் கதை தரும் தீர்ப்பு.

வீட்டுப் பிள்ளை அடுத்த முறை தட்டாமாலை சுற்றக் கூப்பிட்டால் மறுக்காமல் எழுந்து போங்கள். கையைக் குறுக்காகக் கோத்து நன்றாகப் பிடியுங்கள், குழந்தையையும் உங்களைப் பிடிக்கச் சொல்லுங்கள். நிறுத்தும்போது இருவரும் சேர்ந்தே வேகத்தைக் குறையுங்கள்.